புதிய மண்டபத்தின் அவசர விளக்குகளை எந்தச் சுற்றில் இணைப்பது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் கட்டப்பட்டு வரும் திருமண மண்டபம் ஒன்றின் மின்கம்பி வேலை என் பொறுப்பில் உள்ளது. தமக்கு வரும் மின்சாரம் நின்றதும் தானாக எரியும், பேட்டரி உள்ளடங்கிய அவசர விளக்குகளுக்கு, நிரந்தர லைவை (சுவிட்ச் வழியே செல்லாமல் எப்போதும் மின்சாரம் இருக்கும் கம்பியை) அந்தந்தப் பகுதியின் விளக்குச் சுற்றுக்குரிய பிரேக்கரிலிருந்தே எடுத்திருக்கிறேன். தனி பிரேக்கரில் கொடுத்தால், விளக்குச் சுற்று மட்டும் துண்டிக்கப்படும்போது அவை எரியாமல் போய்விடும்.

இப்போது நிர்வாகக் குழு, லோட் ஷெட்டிங்கை (மின் பற்றாக்குறையால் முறைவைத்துச் செய்யும் மின்வெட்டை) எண்ணி, பாதி விளக்குகளை இன்வெர்ட்டருக்கு மாற்றச் சொல்கிறது. அவசர விளக்குகளை இன்வெர்ட்டரில் சேராத சாதாரண மின்சாரச் சுற்றிலேயே விட்டால், ஒவ்வொரு மின்வெட்டிலும் பேட்டரி இறங்கி, முழுமையாக ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடலாம். இன்வெர்ட்டர் சுற்றில் இணைத்தாலோ, மற்ற பாதி இருண்டாலும் அவை எரியா. முதியவர்களும் குழந்தைகளும் நிறைந்திருக்கும் இடம் என்பதால், மாடிப்படியை நினைத்தே அதிகம் கவலைப்படுகிறேன். படிக்கட்டு விளக்குகளை முழுவதுமாக இன்வெர்ட்டரில் வைத்து, அங்குள்ள அவசர விளக்குகளையும் அதே சுற்றில் இணைப்பது சரியாகுமா?

மேலும், நிரந்தர லைவை மட்டும் துண்டிக்கும் சோதனைச் சாவி சுவிட்சைப் பகுதிக்கு ஒன்றாக வைப்பதா, போர்டில் மொத்தமாக ஒன்று வைப்பதா? இத்தகைய மண்டபங்களில் வேலை செய்தவர்கள், கூரைப் பலகை மூடப்படுவதற்கு முன் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.