ஜெர்மன் நீர்மூழ்கிகளின் ரப்பர்த் தோல் ஒலியை எப்படி விழுங்கியது?

கேள்வி – குலசேகரத்திலிருந்து:
இரண்டாம் உலகப் போரில் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வைத்துத் தேடும் எதிரிக் கப்பல்களின் ஒலிக்கருவிக்குச் சிக்காமலிருக்க, ஜெர்மானியர்கள் சில நீர்மூழ்கிகளின் உடல் முழுவதும் ரப்பர் ஷீட் ஒட்டினார்கள் என்று படித்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவன் நான். மெஷினில் அடித்தெடுத்த ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்: இழுத்துவிட்டால் உடனே சுருங்கித் திரும்பும் இந்தப் பொருள் ஒலியை எப்படித் தின்னும்? நம் மரத்து ரப்பரைத்தான் ஒட்டினார்களா?

பதில் – நாகர்கோவிலிலிருந்து:
இல்லை ஐயா, அந்தத் திரும்பும் குணம்தான் இங்கே ஆகாது. மர ரப்பர்ப் பந்து வாங்கிய விசையைத் துள்ளித் திருப்பிக் கொடுத்துவிடும். அவர்கள் ஒட்டிய ஓப்பனால் என்னும் செயற்கை ரப்பரோ அதைத் தனக்குள்ளேயே வெப்பமாக்கிக் கரைத்துவிடும். லாரி டயருக்குள் போடும் பியூட்டைல் டியூப் அதற்கு நெருங்கிய உறவு. 4 மில்லிமீட்டர் கனமுள்ள அந்த உறையின் உள்ளடுக்கில் சிறு துளைகள் இருந்தன; ஒலியலை வந்து அழுத்தும்போது காற்று நிறைந்த அத்துளைகள் நசுங்கி விரிய, சுற்றியுள்ள ரப்பர் நெளிந்து அலையின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். ஆழத்துக்கு ஆழம் நீரின் அழுத்தம் மாறுவதால், எங்கும் ஒரே பலன் கிடைக்கவில்லை.

அவர்களைப் பெரிதும் வாட்டியது பசை. முதலில் ஒட்டிப் பார்த்தபோது கடலில் ஷீட்டுகள் பிய்ந்து, தொங்கிய ஓரங்கள் நீரில் அடித்துச் சத்தம் எழுப்பின. ஒட்டும் முறை சீரான பின் வந்த யூ-480, 1944 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் ஆல்பர்னி என்ற கனடியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதில் மாண்டவர்களை நினைக்காமல் இந்தத் திறமையை வியக்க எனக்கு மனம் வரவில்லை. 1945-இல் அந்த நீர்மூழ்கியும் பிரிட்டிஷ் கண்ணிவெடியில் அழிந்தது. கண்ணிவெடிக்கு எதிரொலி தேவையில்லையே.

பதில் – குளச்சலிலிருந்து:
கடலே தந்த மறைவும் உண்டு. மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்நீரும் சந்திக்கும் எல்லையில் ஒலி வளைந்துவிடுவதால், அதற்கு அடியில் மெல்ல நகரும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பது கடினம். வெப்பநிலையை ஆழவாரியாக வரைந்துகாட்டும் கருவியை அமெரிக்க நீர்மூழ்கிகள் போர்க்காலத்திலேயே வைத்திருந்தன. தென்மேற்குப் பருவக்காற்றில் ஆழத்துக் குளிர்நீர் மேலேறுவதால், நம் கரையில் அந்த எல்லை வெகு மேலேயே கிடக்கும். ஆடி மாதத்தில் வலை இழுத்தால் அடிக்கயிறு கையில் தணுத்து வருவது அதனால்தான்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எங்கள் ஷீட்டிலும் பழைய டியூப்பிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, இறுகச் சுருட்டித் தரையில் போட்டுப் பார்த்தேன். ஷீட் துள்ளி எழும்பியது. டியூப் விழுந்த இடத்திலேயே கிடந்தது.