ஸ்டார்ட்அப்பில் மார்க்கெட்டிங் ஹெட்: முதல் வருடம் எதில் கவனம் வைப்பது?

மன்னை_மைந்தன்:
எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது தஞ்சாவூரில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் மார்க்கெட்டிங் ஹெட்டாகச் சேர்ந்திருக்கிறேன். நெல் அறுவடை மெஷினை மொபைலில் புக் செய்கிற ஆப். டீம் என்றால் நானும் ஒரு டிசைனரும். ஃபவுண்டர் தினமும் டவுன்லோடு எண்ணிக்கையைத்தான் கேட்கிறார், ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு மாதாமாதம் ஒரே தொகை ஒதுக்கியிருக்கிறார். டவுன்லோடு வருகிறது, புக்கிங் வரவில்லை. இந்தப் பொறுப்பில் பல வருடம் இருந்தவர்கள் எந்தப் பழக்கங்களை விடாமல் வைத்திருந்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

குடந்தைக்காரி:
தம்பி, சென்னையில் ஸ்டார்ட்அப் மார்க்கெட்டிங் டீம்களை நடத்திவிட்டு இப்போது கும்பகோணத்திலிருந்தே வேலை பார்க்கிறேன். முதலில் அந்த டவுன்லோடு எண்ணை விடுங்கள். காசு கட்டி, மெஷின் வந்து, அறுத்து முடிந்த ஏக்கர் எத்தனை, அதுதான் உங்கள் எண். குறுவைக்கு புக் செய்தவர் சம்பாவுக்கும் உங்களிடமே வந்தாரா என்பது அதற்கு அடுத்தது. புது வாடிக்கையாளர் ஒருவரைக் கொண்டுவர ஆகிற செலவைக் கணக்குப் போடும்போது விளம்பரக் காசை மட்டும் வகுக்காதீர்கள், உங்கள் சம்பளம், டிசைனர் சம்பளம் எல்லாம் சேர்த்து வகுங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.

நான் எந்த வேலையிலும் விடாத பழக்கம் ஒன்று உண்டு: வாரா வாரம் வாடிக்கையாளர்களிடம் நானே போனில் பேசுவது. டீம் பெரிதான பிறகும் இதை யாரிடமும் ஒப்படைத்ததில்லை. உங்கள் நிலைமையில் ஆப்பை இறக்கிவிட்டு புக் செய்யாதவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். "ஆப் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், நம் ஊர் மரியாதை அப்படி. "போன அறுப்புக்கு மெஷின் யார் மூலமா வந்துச்சு, எத்தனை நாள் காத்திருந்தீங்க, மணிக்கு என்ன வாடகை கொடுத்தீங்க?" என்று நடந்ததைக் கேளுங்கள். அவர் சொல்கிற வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள், அடுத்த விளம்பரத்தின் முதல் வரி அங்கேதான் கிடைக்கும். ஃப்ரெஷ்டெஸ்க் என்கிற வாடிக்கையாளர் சேவை சாஃப்ட்வேர் கம்பெனியின் ஃபவுண்டர் கிரிஷ் மாத்ருபூதம் திருச்சியில் வளர்ந்தவர், தஞ்சாவூரில் இன்றைக்கு சாஸ்த்ரா என்கிற கல்லூரியில் இன்ஜினியரிங் படித்தவர். அதே மாதிரி சாஃப்ட்வேர் விற்கிற ஜென்டெஸ்க் விலையை ஏற்றியதற்கு அதன் வாடிக்கையாளர்கள் இணையத்தில் கோபப்பட்டதைப் படித்த பிறகுதான் 2010ல் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார், 2021ல் அந்தக் கம்பெனி அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் வரை போனது. குறை சொல்கிறவர்களை அந்த அளவுக்குக் கவனமாகக் கேட்க வேண்டும்.

வடவாற்றுக்கரை:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்கு நிலமும் இருக்கிறது, ஒரு பெல்ட் வண்டியும் (டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற அறுவடை மெஷின்) ஓடுகிறது. மாதாமாதம் ஒரே விளம்பரத் தொகை என்பது எங்கள் பக்கத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. ஜூன் 12ல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபரில் வரும், சம்பாவுக்குத் தை, மாசி. நடுவில் மெஷின் விளம்பரத்தை யார் பார்ப்பார்கள்? அந்தப் பணத்தை அறுப்புக்கு முந்தின சில வாரங்களில் மொத்தமாகப் போடுங்கள். கோடையில் வண்டிக்காரர்களிடம் போய்ப் பேசுங்கள், ஏனென்றால் வண்டி இல்லாமல் புக்கிங் வாங்கினால் அந்த விவசாயி மறுபடி வரவே மாட்டார். குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் டயர் வண்டி வயலில் இறங்காது, எல்லோருக்கும் ஒரே நாளில் பெல்ட் வண்டி வேண்டும். நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிறுத்திவிடுவார்கள். விவசாயியின் பயம் முழுக்க அந்த நாட்களைப் பற்றியதுதான், அதற்கு உங்கள் கம்பெனி என்ன உறுதி தருகிறது என்பதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தனித்தனி ஆளாகப் பிடிக்காதீர்கள். முன் வயல் அறுக்காமல் உள் வயலுக்கு வண்டி போக முடியாது, அதனால் ஒரு வாய்க்காலில் இருக்கிற பத்துப் பேரும் சேர்ந்துதான் முடிவெடுப்பார்கள். ஒருவர் பக்கத்து வயல்காரரைச் சேர்த்துவிட்டால் இருவருக்குமே வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். வண்டி ஊர் ஊராக அலையாமல் ஒரே இடத்தில் ஓடும், டீசல் மிச்சம், எனக்கும் லாபம்.

மன்னை_மைந்தன்:
அண்ணே, வாய்க்கால் வாரியாக என்கிற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி. இணையத்தில் ஃபைல் சேமிக்க இடம் தருகிற டிராப்பாக்ஸ் இப்படித்தான் அழைத்தவருக்கும் வந்தவருக்கும் 500 எம்பி இடம் கொடுத்து வளர்ந்தது, ஆனால் அங்கே பக்கத்து வயல் கிடையாது. அக்கா, ஃபவுண்டரிடம் டவுன்லோடு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

குடந்தைக்காரி:
சொல்லி விளங்க வைக்க முடியாது தம்பி, அவரையும் அந்த போன் பேச்சில் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாலு விவசாயி பேசுவதைக் கேட்டால் அவரே மாறுவார். அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள்: இந்த வாரம் என்ன செய்தோம், என்ன தெரிந்தது, எதை நிறுத்துகிறோம். நிறுத்தியதைக் கட்டாயம் எழுதுங்கள். நம்மிடம் வருகிற யோசனைகளுக்கு எல்லாம் சரி சொன்னால் இரண்டு பேர் டீம் தாங்காது. இந்தக் குறிப்புகள் பின்னால் வேறு வேலைக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்கிற ஆதாரமும்கூட.

திருவாரூர்_தேர்:
யாரும் சொல்லாத ஒன்று. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஈசாப் (கம்பெனிப் பங்கைப் பின்னால் வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தருகிற உரிமை) வாங்கியிருந்தால் பேப்பரை முழுக்கப் படியுங்கள். இந்தியச் சட்டப்படி ஒதுக்கிய நாளிலிருந்து குறைந்தது 1 வருடம் கழித்துத்தான் அது உங்களுடையதாக ஆரம்பிக்கும், பெரும்பாலும் 4 வருடத்துக்குப் பிரித்துத் தருவார்கள். வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் அதைப் பங்காக மாற்ற வேண்டும், அப்போது வருமான வரி எவ்வளவு வரும், இரண்டையும் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சம்பா சீசன் தொடங்கிவிட்டால் ஃபவுண்டரும் உட்கார மாட்டார், நீங்களும் உட்கார மாட்டீர்கள்.