பால்கனி எஸ்எஸ் கைப்பிடி ஆடுது, அவசரம்

மாடிவீடு:
முதல் மாடி பால்கனி எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி பிடிச்சா ஆடுது. போட்டு ஒரு வருஷம்கூட ஆகல. வீட்ல சின்னப் பசங்க. போல்ட்டை டைட் பண்ணினா போதுமா?

சைட்_இன்ஜி:
நிக்கிற போஸ்ட் வளையுதா, அதோட அடியில போல்ட் போட்ட பேஸ் பிளேட்டே தூக்குதா? டைல்ஸ் மேலயா, நேரா கான்கிரீட் ஸ்லாப்லயா? போல்ட் சைஸ், நீளம், ஓரத்துலேர்ந்து தூரம்?

வெல்டிங்பட்டறை:
202 பைப்பா இருக்கும், மட்டமான எஸ்எஸ், துரு வரும். நல்ல ரகமான 304-னு சொல்லி அதைத்தான் தள்றாங்க. காந்தம் வெச்சுப் பாருங்க.

பழையபுலி:
202-வும் காந்தத்துல ஒட்டாது. பட்டறை வெச்சிருந்தா இது தெரிஞ்சிருக்கணும். துருவுக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி கேக்குறவரும் அளவு போட்டுக் கேக்கலாம்.

வெல்டிங்பட்டறை:
வளைச்ச இடத்துல, வெல்டுல 304-கூட லேசா இழுக்கும், தெரியுமா சார்? மாங்கனீஸ் டெஸ்ட் சொட்டு விட்டா 202 சிவக்கும்.

மாடிவீடு:
டைல்ஸ் மேல. 10 எம்எம் ஆங்கர் போல்ட், 3 இன்ச் நீளம். ஓரத்துலேர்ந்து 2 இன்ச். பிளேட் உள்பக்கம் தூக்குது. குறுக்கால 4 பைப்.

சைட்_இன்ஜி:
அதான் விஷயம். 75 எம்எம்ல நட், வாஷர், பிளேட்டுக்கு 18, டைல்ஸ் 10, டைல்ஸ் அடியில இருக்கிற கலவை 40 போச்சுன்னா கான்கிரீட்டுக்குள்ள 7 எம்எம்தான். மேல 1 மீட்டர் உயரத்துல 90 கிலோ தள்ளினா, 4 இன்ச் பிளேட்டோட உள்பக்க ரெண்டு போல்ட்டும் சேர்ந்து 1 டன்னுக்கு மேல தாங்கணும். டைட் பண்ணினா கலவை இன்னும் நொறுங்கும்.

பிளேட் அடியில டைல்ஸ், கலவையை ஸ்லாப் வரை கொத்துங்க. ஓரம் 2 இன்ச்தான்னா டைட் பண்ணினா துளைக்குள்ள விரியிற ஆங்கர் ஸ்லாப் ஓரத்தைப் பிளக்கும். கெமிக்கல் ஆங்கர் (துளையில டியூப் பசை விட்டு ராடை ஒட்டுறது) போடுங்க, முடிஞ்சா பிளேட்டை உள்ளே தள்ளி. 10 எம்எம் திரெட் ராடுக்கு 12 எம்எம் துளை, கான்கிரீட்ல 90 எம்எம் ஆழம். ஸ்லாப் கனம் பெரும்பாலும் 5 இன்ச்தான் இருக்கும், அடிவரை துளைச்சிடாதீங்க. பிரஷ் விட்டு ஊதுங்க, ரெண்டு தடவை. தூசி இருந்தா ராடு கையோட வந்துடும். பசையை அடியிலேர்ந்து முக்கால்வாசி ரொப்பி, ராடைத் திருகி இறக்குங்க. டியூப்ல போட்ட நேரம் வரை தொடாதீங்க. கொத்தின பள்ளத்துக்குச் சுருங்காத கிரவுட் (சிமென்ட் கலவை), பிளேட்டைச் சுத்தி தண்ணி இறங்காம சீலன்ட். தண்ணி இறங்கினா ஸ்லாப் கம்பி துருப்பிடிக்கும். ஒவ்வொரு போஸ்ட்டா கழட்டுங்க.

தெருக்கோடி:
குறுக்குப் பைப் பசங்களுக்கு ஏணி. நெடுக்குக் கம்பி, இடைவெளி 4 இன்ச்சுக்குள்ள.

பழையபுலி:
நெடுக்குல அழுக்கு அவ்வளவா சேராது, அதையும் சொல்லுங்க.

வெல்டிங்பட்டறை:
கம்பி எடைக்குக் காசு, வெல்டு கூலி யார் தர்றது?

மாடிவீடு:
ஒண்ணு கழட்டிப் பார்த்தோம், போல்ட் கலவையிலதான் நின்னிருக்கு. பால்கனிக் கதவைப் பூட்டியாச்சு. நன்றி.

வெல்டிங்பட்டறை:
அது சரி, பில்லுல 202-ஆ 304-ஆ?