பழைய உறவுகளை முகநூலில் தேடுவது எப்படி? உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் அண்ணன் இளம் வயதிலேயே வெளிநாடு போனவர், அப்புறம் அந்த வழி உறவு அப்படியே விட்டுப்போய்விட்டது. அவருடைய பேரப்பிள்ளைகள் யாராவது முகநூலில் இருப்பார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். குடும்ப வம்சாவளியைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கியாயிற்று (இலவசம்தான், 2021இல் பழைய பதிவேடுகளின் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை டிஜிட்டல் ஆக்கி முடித்தவர்கள்), ஆனால் உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை அங்கே பொதுவில் காட்டமாட்டார்கள். அதனால் இன்றைய தலைமுறையைப் பிடிக்கச் சமூக ஊடகம்தான் வழி.

சிக்கல் என்னவென்றால், ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே பதிவில் போட்டால் தேடுபவர் கண்ணில் படுமா? முன்பின் தெரியாதவருக்குச் செய்தி அனுப்பினால் அது மெசேஜ் ரெக்வெஸ்ட் பெட்டிக்குள் போய்த் தூங்குகிறது, பார்த்தாலும் மோசடி என்றுதான் நினைப்பார்கள் (நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்). முதல் செய்தியில் எவ்வளவு சொல்லலாம், பழைய படத்தை உடனே அனுப்பலாமா? பிறந்த தேதி, அம்மாவின் குடும்பப் பெயர் இதெல்லாம் பொதுவில் போட விருப்பமில்லை, வங்கிகள் கேட்கும் பாதுகாப்புக் கேள்விகளே அவைதானே.

இப்படித் தேடி யாரையாவது கண்டுபிடித்தவர்கள், முதலில் என்ன எழுதி அனுப்பினீர்கள் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.