திரத்தூரோ: ‘ஆட்டுப்பாதை’யா, ‘மந்தைப் பெருவழி’யா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தென்னித்தாலியில், 1963இல் அப்ரூத்சோவிலிருந்து பிரிந்து தனி மாநிலமான மொலீசேயின் உணவையும் வாழ்க்கை முறையையும் பற்றிய கட்டுரைக்காக, ‘திரத்தூரோ’ என்னும் இத்தாலியச் சொல்லை ‘ஆட்டுப்பாதை’ என்று ஆளலாம் என முன்மொழியப்பட்டுள்ளது. எளிய சொல்தான், ஆனால் பொருளை அது மிகவும் சுருக்கிவிடுகிறது. ஆட்டுப்பாதை என்றதும் குளம்பு பட்டுத் தேய்ந்த ஒற்றையடித் தடமே மனத்தில் எழும். திரத்தூரோவோ ஏறத்தாழ 111 மீட்டர் அகலமுள்ள புல்வெளி வழி. பெஸ்கசேரொலியிலிருந்து மொலீசே வழியாகக் காந்தேலா வரை செல்லும் ஒன்று மட்டுமே 211 கிலோமீட்டர் நீளமுடையது. ஆடுகள் நடந்துகொண்டே மேய வேண்டும் என்பதற்காகவே இத்தனை அகலம் ஒதுக்கப்பட்டது.

இது அரசின் வழியாகவும் இருந்தது என்பதைச் சொல்லாக்கத்தில் நாம் மறந்துவிடக் கூடாது. இலையுதிர்காலத்தில் மலையிலிருந்து அண்டை மாநிலமான பூல்யாவின் சமவெளிக்கு இறங்கி, கோடை தொடங்குமுன் திரும்பும் மந்தைகளிடம் வரி பெறுவதற்கென நேப்பிள்ஸ் அரசர் அல்போன்சோ 1447இல் நிறுவிய சுங்க நிர்வாகம் 1806 வரை நீடித்தது. வழியின் ஓரங்களில் அரச வழி என்பதைக் குறிக்கும் எழுத்துகள் பொறித்த எல்லைக்கற்கள் நடப்பட்டன. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, இவ்வழி ஊடறுத்துச் செல்லும் சேபினும் என்னும் உரோமானிய நகரின் வாயிலில், பேரரசரின் மந்தைகளை ஓட்டிச் செல்லும் இடையர்களைத் துன்புறுத்தலாகாது என்று உள்ளூர் அதிகாரிகளை எச்சரிக்கும் கல்வெட்டு 2ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்டது. (அதிகாரிகளின் தொல்லை அத்தனை பழையது!)

இப்பொருளுக்கு நெருக்கமாக நம்மிடம் ‘பெருவழி’ இருக்கிறது. அதியமான் பெருவழி, இராசகேசரிப் பெருவழி என்று கல்வெட்டுகளில் நிற்கும் இச்சொல், ஆள்வோரின் காவலில் இருந்த நெடுவழியையே குறித்தது. அது வணிகர்க்குரியது என்னும் மறுப்பு எழலாம். ‘மந்தை’ என்னும் முன்னொட்டு அதைத் தீர்த்துவிடும். மந்தை கால்நடைக் கூட்டத்தையும், அது கூடும் ஊர்ப்பொதுவெளியையும் சேர்த்துச் சுட்டுவதால் மேய்ச்சல் நிலம் என்னும் கூறும் உடன் வந்துவிடுகிறது. ஆகவே ‘மந்தைப் பெருவழி’ என்பதே என் பரிந்துரை. அதிலிருந்து பிரியும் குறுகிய தடங்களுக்கு ‘மந்தைச் சிறுவழி’ போதும்.

மந்தைகளின் பருவப் பயணத்துக்குக் ‘கிடை’ பொருந்தாது. கிடை தங்குதலைக் குறிப்பது, நாம் பேசுவதோ நடையைப் பற்றி. யானைக்கும் பறவைக்கும் வழங்கும் ‘வலசை’யைக் கொண்டு ‘மேய்ச்சல் வலசை’ எனலாம். விலங்குகள் தாமாகச் செல்வதே வலசை, இங்கு மனிதர் ஓட்டிச் செல்கின்றனர் என்ற தயக்கம் எனக்கும் உண்டு. இருப்பினும், 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற இவ்வழக்கத்துக்கு இதனினும் உயிருள்ள சொல் தென்படவில்லை. இடைவழியில் மந்தைகள் இளைப்பாறிய பரந்த புல்நிலங்களுக்கு, அதியமான் பெருவழிக் கல்லிலேயே வரும் ‘தாவளம்’ என்னும் சொல்லை மீட்கலாம்.

உணவுப் பெயர்களில் மட்டும் மொழிபெயர்க்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்வது நல்லது. மொலீசேயின் காப்ரகோத்தா ஊரில் ஆகஸ்டு மாத விழாவில் பெரிய கொப்பரைகளில் வேகவைத்துப் பரிமாறும் செம்மறி இறைச்சியான ‘பெட்சாத்தா’வைத் ‘துண்டுக்கறி’ என்றால், இடையர் வாழ்வோடு அதற்குள்ள உறவு புலப்படாது; ஒலிபெயர்த்து எழுதி, இடையர் உணவு என்று ஒருமுறை விளக்கினால் போதும். அங்குள்ள அன்யோனே ஊரின் ‘காச்சோகவால்லோ’ என்னும் பாலாடைக்கட்டியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் ‘குதிரைப் பாலாடைக்கட்டி’ ஆக்குவது இன்னும் ஆபத்தானது. இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிடப்படும் அது பசும்பாலில் செய்யப்படுவது.