செயற்கைக்கோள் எச்சரிக்கை வருவதற்குள் காட்டுத்தீ பரவிவிடுகிறதே?

கேள்வி – புதுக்காப்பாளர்

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் வனக்காப்பாளராகச் சேர்ந்த எனக்கு இதுவே முதல் கோடை. தீ எச்சரிக்கைக் குறுஞ்செய்தி கைப்பேசிக்கு வருகிறது. ஆனால், சென்ற வாரம் மாலை நான்கு மணிக்குப் பற்றிய தீக்கு நள்ளிரவு கடந்துதான் செய்தி வந்தது. அது காட்டிய இடத்தில் சாம்பல்கூட இல்லை. தீ ஓடைக்கு அப்பால் எரிந்துகொண்டிருந்தது. இதை நம்பி வேலை செய்யலாமா? சருகைக் காற்றால் ஊதித் தள்ளும் ப்ளோயர் கருவி தருவதாகவும் சொல்கிறார்கள். பச்சைத் தழையால் அடித்தே பழகிய எங்களுக்கு அது பயன்படுமா?

மறுமொழி – வரைபடப்பிரியன்

கருவியில் பழுதில்லை, நண்பரே. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கைகள் செயற்கைக்கோள்களில் இருந்தபடி தரையின் வெப்பத்தைப் பதியும் மோடிஸ், வியர்ஸ் என்னும் உணரிகளின் பதிவுகளிலிருந்து வருபவை. வியர்ஸ் உணரியைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் நம் பகுதியை ஏறக்குறைய பிற்பகல் ஒன்றரை மணிக்கும் இரவு ஒன்றரை மணிக்கும் கடப்பதால், மாலை நான்கு மணித் தீயை இரவில்தான் அவை பார்க்கும். மேலும், வியர்ஸ் தரையைக் கட்டம் கட்டமாகவே பார்க்கிறது; ஒரு கட்டத்தின் பக்கம் 375 மீட்டர். மோடிஸுக்கு அதுவே ஒரு கிலோமீட்டர். குறுஞ்செய்தியில் வரும் புள்ளி கட்டத்தின் நடு மட்டுமே என்பதால், தீ அதன் எந்த ஓரத்திலும் இருக்கலாம். மாலைத் தீக்குக் கண்காணிப்புக் கோபுரத்தில் நிற்கும் ஆளே இன்றும் முந்துவார்.

மறுமொழி – ஓய்வுபெற்ற வனவர்

ப்ளோயரை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி. தழையால் அடிக்கும்போது முகம் தீக்கு நேராக இருக்கும். ப்ளோயர் இருந்தால் தீக்கு முன்னே சற்றுத் தள்ளிச் சருகை ஊதி, மண் தெரிய ஒரு பாதை திறந்துவிடலாம். தரையில் ஓடும் சருகுத்தீ அங்கே வந்து அடங்கும். உண்ணிச்செடிப் புதரில் ஏறிய தீயிடம் மட்டும் இந்த வேலை நடக்காது. முதன்முதலில் அதைத் தோளில் மாட்டிய நாளில் குழாயைத் தவறாகத் திருப்பி, பொறியை நானே தீத்தடுப்புக் கோட்டுக்கு அப்பால் ஊதிவிட்டேன். அன்று வாங்கிய வசவு இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே, ஊதும் திசை எப்போதும் எரிந்த பக்கம் நோக்கியே இருக்கட்டும். பின்னால் இருவர் தழையோடு வரட்டும். பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவைக் கேனிலேயே எழுதி வையுங்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா. எரிபொருளை யார் சுமப்பது என்ற சண்டை எங்கள் முகாமில் இப்போதே தொடங்கிவிட்டது.

மறுமொழி – ஓய்வுபெற்ற வனவர்

முறை வைத்துச் சுமக்கச் சொல்லுங்கள். ஊதுபவரிடம் மட்டும் கேனைக் கொடுக்காதீர்கள்.