'நீர் சிகிச்சை' வேண்டாம். 'நீரிடை இயன்முறை' பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பக்கவாதம் போன்ற நோய் உள்ளவர்களுக்குக் குளத்து நீரில் கொடுக்கும் பிசியோதெரபிக்கு, அதாவது அக்வாட்டிக் தெரபிக்கு, நாம் இங்கே தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ஹைட்ரோதெரபி, அக்வாட்டிக் தெரபி இரண்டுக்கும் 'நீர் சிகிச்சை' என்றே வைத்துக்கொள்ளலாம், சுருக்கமாக இருக்கிறது என்று குழுவில் ஓர் ஐயா எழுதியிருந்தார். சுருக்கம்தான். ஆனால் அந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் மூன்று வாரம் வீணானது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துபோன சமயம். மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் 'நீர் சிகிச்சை' என்று இருந்தது. அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியும். இடுப்புக் குளியல், ஈரத்துணிப் பட்டி, கூடவே பட்டினி. "வாதம் வந்த உடம்பைத் தண்ணீரில் ஊறப்போடுவதா?" என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அம்மா மேல் பிழையே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் செபஸ்தியன் க்னைப் போன்றவர்கள் ஐரோப்பாவில் பரப்பிய, தண்ணீரையே மருந்தாகக் கொள்ளும் முறைக்குத்தான் தமிழில் அந்தப் பெயர் ஏற்கெனவே வழங்குகிறது.

நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. கடைசியில் அப்பா பயிற்சிக் குளத்தில் இறங்கிய முதல் நாள் நான் கரையில் நின்றிருந்தேன். மார்பளவுத் தண்ணீர். படுக்கையில் துணிபோலக் கிடந்த வலக்கை மெல்ல மேலெழும்பி, தோள் மட்டத்தில் மிதந்து நின்றது. பிசியோ அக்கா அதைத் தொடவில்லை. "இப்போ அதைக் கீழே அழுத்துங்க, மாமா" என்றார். இரண்டு விரற்கடை இறங்கியது. தூக்கிக் கொடுத்தது தண்ணீர், அழுத்தியது அப்பா. இந்த வேறுபாட்டைச் சொல் காட்ட வேண்டும் என்பதுதான் என் வாதம். தண்ணீர் இங்கே மருந்து இல்லை, களம்.

தொப்புள் அளவு நீரில் நின்றால் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய பாதி. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான். நடுக்கமும் உடல் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோய் உள்ளவர் தரையில் தடுமாறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடுவார். தண்ணீரில் அந்த விழுகை மெதுவாகிறது, சமாளித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'வெந்நீர்ப் பயிற்சி' என்று ஒருவர் சொல்லியிருந்தார். தசை இறுக்கம் உள்ளவர்களுக்கு 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பான நீர் நல்லது, உண்மை. ஆனால் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) உள்ளவர்களுக்கு உடம்பு சூடேறினால் பார்வை மங்கலாம், கால் தளரலாம். இவர்களுக்கு உடலுழைப்புக்குப் பின் பார்வை மங்குவதை வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890லேயே விவரித்திருக்கிறார். அவர்களுக்குக் குளிர்ச்சியான குளம்தான் வேண்டும். வெந்நீரைப் பெயரிலேயே வைத்தால் ஆபத்து.

'நீராட்டு' அழகான சொல். தானே ஆடுவதும் பிறர் ஆட்டுவதும் அதன் வேரிலேயே இருக்கின்றன. ஆனால் இன்று அதைக் கேட்டால் மஞ்சள் நீராட்டு விழாதான் நினைவுக்கு வரும். 'நீருள் பயிற்சி' என்றால் தலை முங்க வேண்டுமோ என்று நோயாளி பயப்படுவார்.

ஆகவே 'நீரிடை' என்கிறேன். இடை என்பது பழைய ஏழாம் வேற்றுமை உருபு. நீரிடை என்றால் நீரில், நீரின் நடுவே. பிசியோதெரபிக்கு 'இயன்முறை மருத்துவம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் 'நீரிடை இயன்முறை' இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. நீரிடைப் பயிற்சி, நீரிடை நடை என்று கிளைக்கவும் செய்கிறது. 'இடை' இடுப்பையும் குறிக்குமே என்பீர்கள். படிவத்தில் ஒரு வரி விளக்கம் இருந்தால் அந்தக் குழப்பம் தீரும்.

'நியூரோ' என்பதற்காக 'நரம்பு' என்பதை முன்னொட்டாகச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கவாதம் மூளையில் வருவது. 'நரம்பு' என்றதும் சுவர் விளம்பரங்களின் நரம்புத் தளர்ச்சிதான் பலர் மனத்தில் எழுகிறது.

அப்புறம், நீரில் உடலைச் சமநிலைப்படுத்தவும் நீந்தவும் கற்றுத்தரும் ஹாலிவிக் முறையின் சொற்களும் பாக்கி இருக்கின்றன. 1949இல் லண்டனில், உடற்குறை உள்ள சிறுமியருக்கான ஹாலிவிக் பள்ளியில் ஜேம்ஸ் மெக்மில்லன் தொடங்கிய முறை இது. அவர் பொறியாளர், நீர் போன்றவை ஓடும் விதத்தை ஆராயும் பாய்ம இயக்கவியல் அறிந்தவர். மிதவை எதையும் கட்டாமல் ஒருவருக்கு ஒரு பயிற்றுநர். குளத்தில் இறங்குபவரை அங்கே நோயாளி என்பதில்லை, 'ஸ்விம்மர்' என்பார்கள். அந்த மரியாதையை நாமும் காத்து 'நீச்சலர்' என்றே எழுதுவோம். நீளவாக்கில் உருளுவதற்குப் 'புரளல்', நின்றவர் பின்னால் சாய்ந்து படுப்பதற்கு 'மல்லாத்தல்' என்று என் குறிப்பில் வைத்திருக்கிறேன். இரண்டும் வீட்டுச் சொற்கள், கரையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாலும் புரியும்.

எனக்குப் பிடிபடாதது 'டர்புலன்ட் கிளைடிங்'. நீச்சலர் மல்லாந்து மிதக்கிறார். பயிற்றுநர் அவர் தலைப்பக்கம் பின்னோக்கி நடந்தபடி, தோள்களுக்கு அடியில் கைகளால் தண்ணீரைச் சுழிக்கிறார். உடம்பை அவர் தொடுவதே இல்லை, அந்தச் சுழிப்பே உடம்பைத் தன்னோடு கொண்டுபோகிறது. 'சுழியிழுப்பு' என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். 'இழுப்பு' என்றால் எங்கள் பக்கம் வலிப்பு. இந்தக் குளத்துக்கு வருபவர்களில் அந்த நோய் உள்ளவர்களும் உண்டு. 'சுழிநழுவல்' ஓரளவு சரியாகத் தோன்றுகிறது. படகோட்டும், மீன்பிடிக்கும் ஊர்களைச் சேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கை படாமல் தண்ணீரே ஒரு பொருளை நகர்த்திக்கொண்டு போவதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?